தாதிமை முடித்துப் படையில் சேர நினைக்கிறேன்: தரைப்படையா, கடற்படையா, ஆகாயப் படையா?

யீஷூன்_மிஸ்ஸி
செவ்வாய், இரவு 10.50

வணக்கம். பிற்பகல் ஷிஃப்ட் முடிந்து இப்போதுதான் வீடு வந்து சேர்ந்தேன். குளிக்கக்கூட இல்லை, அதற்குள் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு 24 வயது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் தாதிமை டிப்ளோமா முடித்தேன். சிங்கப்பூரில் ஓர் அரசு மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் ஒன்றே முக்கால் வருடமாக வேலை. பாண்ட் (கட்டாயப் பணிக்கால ஒப்பந்தம்) இன்னும் ஒன்றே கால் வருடம் பாக்கி.

போன மாதம் தம்பியின் பிஎம்டி (அடிப்படை ராணுவப் பயிற்சி) நிறைவு அணிவகுப்புக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். வெயில் தாங்காமல் வரிசையில் ஒரு பையன் அப்படியே சரிந்தான். இரண்டு மெடிக் (படையின் மருத்துவ உதவியாளர்) ஓடி வந்தார்கள். ஒருவர் காலைத் தூக்கிப் பிடித்தார். இன்னொருவர் அதற்குள் சட்டையைத் திறந்து கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வைத்துவிட்டார். அம்மா கூட்டத்தில் தம்பியைத் தேடிக்கொண்டிருந்தார். நான் அந்த இரண்டு பேரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

பாண்ட் முடிந்ததும் படையில் தாதியாகச் சேரலாமா என்று யோசிக்கிறேன். தரைப்படை, கடற்படை, ஆகாயப் படை மூன்றில் தாதிக்கு எது நல்லது? அப்பா “அரசாங்க வேலைதானே” என்கிறார். அம்மா “பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி பட்டாளம்” என்கிறார். இரண்டு பதிலும் எனக்கு உதவவில்லை.

சும்மா_ஒருவன்
செவ்வாய், இரவு 10.58

ஆகாயப் படை. ஏர்கான் இருக்கும்.

பழைய_மெடிக்
புதன், காலை 6.15

தங்கச்சி, முதலில் ஒன்று. நீ கேட்பது அமெரிக்காவில் இருக்கும் பெண் கேட்க வேண்டிய கேள்வி. அங்கே மூன்று படைக்கும் தனித்தனித் தாதியர் பிரிவு, தனித்தனி ஆள்சேர்ப்பு. இங்கே தரைப்படைக்கும் கடற்படைக்கும் ஆகாயப் படைக்கும் தனித்தனி மருத்துவச் சேவை இருந்தாலும் எல்லாம் ஒரே மருத்துவப் படையின் கிளைகள். பயிற்சியும் ஒரே இடம், உன் வீட்டுப் பக்கம் இருக்கிற நீ சூன் முகாம். ஊர் சின்னது, படை சின்னது, அதற்குள் தாதி வேலைகள் இன்னும் சின்ன எண்ணிக்கை. ஆகவே காலியிடம் எங்கே இருக்கிறதோ அங்கே போவதுதான் பெரும்பாலும் நடக்கும்.

நான் என்எஸ் (கட்டாயத் தேசிய சேவை) மெடிக்காகப் போய், சைன் ஆன் பண்ணி (நிரந்தரப் பணிக்குக் கையெழுத்துப் போட்டு), பல வருடம் இருந்துவிட்டு வந்தவன். தரைப்படையில் எங்களுக்கு முதல் எதிரி துப்பாக்கி இல்லை, வெயில். ரூட் மார்ச் (சுமையோடு நெடுநடை) என்றால் அதற்கு முன் வாட்டர் பரேட். எல்லாரும் வரிசையாக நின்று, சொன்ன அளவு தண்ணீரைச் சொன்ன நேரத்தில் குடித்து முடித்து, பாட்டிலைத் தலைக்கு மேல் கவிழ்த்துக் காட்ட வேண்டும். சொட்டினால் உன் தலையில்தான் சொட்டும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் உடம்புச் சூடு 41-ஐத் தொட்ட ஒரு பையனை ஒருமுறை பார்த்தவன் சிரிக்க மாட்டான். பேச்சு குழறும், நம்மையே அடிக்க வருவான், சில நிமிடத்தில் அடங்கிவிடுவான். அங்கே விதி ஒன்றே ஒன்று: முதலில் குளிர வை, அப்புறம் வண்டியில் ஏற்று. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது என்று அவசரப்பட்டுக் குளிர்விப்பதைப் பாதியில் விட்டால் போகும் வழியில் மூளை வெந்துவிடும்.

நீ அணிவகுப்பில் பார்த்தது இதன் குட்டித் தம்பி. அந்த வேலை உனக்குப் பிடித்திருந்தால் சந்தோஷம். ஆனால் அதைச் செய்தது மெடிக், தாதி இல்லை. இந்த வித்தியாசத்தை நன்றாக யோசித்துக்கொள்.

யீஷூன்_மிஸ்ஸி
புதன், காலை 7.02

அண்ணே, அந்தக் கடைசி வரி குத்துகிறது. சரி, தாதியாக இருந்தால் என்ன செய்வேன்?

பழைய_மெடிக்
புதன், காலை 7.30

முகாம் மருத்துவ நிலையம், மருந்து, தடுப்பூசி, காயம் கட்டுதல், மெடிக் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தல், திட்டமிடல், சாமான் கணக்கு. வெளிநாட்டுப் பணி வந்தால் அதில் இடம் கிடைக்கலாம். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் மூலாபோவுக்குக் கப்பல் போனது. ஆப்கானிஸ்தானில் ஒருஸ்கான் மாநிலத்துக்கு அறுவை சிகிச்சைக் குழு போனது. 2023 கடைசியில் எகிப்தின் எல் அரிஷில் நின்ற பிரெஞ்சுக் கப்பல் டிக்ஸ்மூடுக்கு, காஸாவிலிருந்து வந்தவர்களைக் கவனிக்க நம் மருத்துவக் குழு போனது. செய்தியில் வருவது இவைதான். மற்ற நாள் எல்லாம் தலைவலி, கணுக்கால் சுளுக்கு, “டாக்டர், எம்சி (மருத்துவ விடுப்பு) கிடைக்குமா” முகம்.

995_தம்பி
புதன், பிற்பகல் 1.20

அக்கா, இடையில் புகுந்ததற்கு மன்னிக்கணும். மூன்று படை என்று எல்லாரும் பேசுகிறீர்கள், நான்காவதாக ஒன்றை மறந்துவிட்டீர்கள். குடிமைத் தற்காப்புப் படை. தற்காப்பு அமைச்சு இல்லை, உள்துறை அமைச்சின் கீழ். ஆனால் சீருடை உண்டு, வணக்கம் வைப்பது உண்டு, ஐபிபிடி மாதிரி உடற்தகுதிச் சோதனையும் உண்டு.

வருடத்துக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட அவசர மருத்துவ அழைப்பு. ஒரு வண்டியில் மூன்று பேர். நெஞ்சுவலி, பக்கவாதம், மூன்றாவது மாடியில் குளியலறையில் விழுந்த பாட்டி. போன வாரம் அங் மோ கியோவில் ஒரு வீட்டில் மின்தூக்கி நிற்காத மாடியிலிருந்து ஒரு தாத்தாவை நாற்காலியில் கட்டி இறக்கினோம். அவர் மனைவி ஒவ்வொரு படியிலும் “பார்த்துப்பா, பார்த்துப்பா” என்று பின்னாலேயே வந்தார். நோயாளி வேண்டுமா, எங்களிடம் இருக்கிறார்கள். முகாமில் இருபது வயதுப் பையனின் கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி ஒட்ட வேண்டாம்.

வார்ட்_சிஸ்டர்
புதன், பிற்பகல் 3.45

தம்பி சொல்வது சரி, ஆனால் பாதி. பாராமெடிக் வேலைக்குப் போனால் அந்தப் பெண் தாதி இல்லை. வேலையின் பெயர் மாறும், பயிற்சி மாறும். தாதிமை வாரியத்தின் பயிற்சிச் சான்றிதழை உயிரோடு வைத்திருக்க அவள் தனியாக மெனக்கெட வேண்டும். பல வருடம் கழித்து வார்டுக்குத் திரும்ப நினைத்தால் திணறுவாள்.

நான் இந்த வேலையில் 30 வருடத்துக்கு மேல். பெண்ணே, நேராகவே கேட்கிறேன். ஒன்றே முக்கால் வருடத்தில் நீ எத்தனை முறை கோட் புளூவில் (நோயாளியின் இதயம் நின்றதும் வரும் அவசர அழைப்பில்) முதல் ஆளாக நின்றிருக்கிறாய்? தனியாக எத்தனை இரவு ஐசியு நோயாளியைப் பார்த்திருக்கிறாய்? பொது வார்டு கெட்டது என்று சொல்லவில்லை, நானும் அங்கிருந்துதான் வந்தேன். ஆனால் ஒரு படை தன் கப்பலில் ஓர் அறுவைக் குழுவை ஏற்றும்போது யாரைத் தேடும்? அறுவைக்கூடத் தாதி, தீவிர சிகிச்சைத் தாதி, அவசரப் பிரிவுத் தாதி. இதைக் கற்றுத் தர ஆரோக்கியமான இளைஞர்கள் நிறைந்த முகாமால் முடியாது. முடியாததற்குக் காரணம் நல்ல காரணம்தான்: அங்கே யாரும் சாகக் கிடப்பதில்லை. தாதியின் கை நோயாளியிடம்தான் தேறும்.

பணமும் பேசிவிடலாமே. பொதுச் சுகாதாரத் துறையில் தொடரும் தாதியருக்கு 20 வருடத்தில் 100,000 வெள்ளி வரை கிடைக்கும் ஏஞ்சல் திட்டத்தை 2024-இல் அறிவித்தார்கள். அது பொதுச் சுகாதாரத் துறையில் இருப்பவர்களுக்கு. வெளியே போகும்முன் அதையும் கணக்கில் போடு.

பழைய_மெடிக்
புதன், மாலை 5.10

சிஸ்டர் சொல்வதில் முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் “யாரும் சாகக் கிடப்பதில்லை” என்பதை எழுத்தில் வைக்காதீர்கள். கிடந்திருக்கிறார்கள். அபூர்வமாக நடப்பதால்தான் அங்கே நிற்பவருக்கு அதிகம் பயிற்சி வேண்டும்.

வார்ட்_சிஸ்டர்
புதன், மாலை 5.25

சரி, அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் அந்தப் பயிற்சியை அவள் எங்கே எடுப்பாள் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

கடலோடி
புதன், இரவு 9.40

கடற்படைக்காக யாரும் பேசவில்லையா? நான் பேசுகிறேன்.

கடற்படை என்றதும் கப்பலில் வெள்ளைச் சீருடையில் நிற்கிற படம்தான் எல்லாருக்கும் வரும். உண்மையில் மருத்துவப் பக்கத்தில் கடற்படைக்கே உரிய விஷயம் அழுத்தம். செம்பவாங் முகாமில் கடற்படை மருத்துவ, உயரழுத்த நிலையம் இருக்கிறது. முக்குளிப்பவர் வேகமாக மேலே வந்துவிட்டால் சோடா பாட்டிலைத் திறந்தது மாதிரி ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் கட்டும். மூட்டு வலியில் ஆரம்பித்துப் பக்கவாதம் வரை போகும். அவரை ஓர் இரும்பு அறைக்குள் படுக்க வைத்து, 18 மீட்டர் ஆழத்தின் அழுத்தத்துக்குக் கொண்டு போய், ஆக்சிஜன் கொடுத்து, மெல்ல மெல்ல மேலே கொண்டு வர வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் 6ஆம் அட்டவணை என்பார்கள். நாலே முக்கால் மணி நேரம். நோயாளியோடு உள்ளே ஒருவர் உட்கார வேண்டும். கதவை மூடினால் மூடினதுதான், கழிவறை ஞாபகம் வந்தால் அவ்வளவுதான்.

உள்ளே போகும்முன் சோதனை போடுவார்கள். கைப்பேசி, லைட்டர் கூடாது. தலையில் எண்ணெய் கூடாது, உதட்டுச் சாயம் கூடாது, நைலான் துணி கூடாது. ஆக்சிஜன் நிறைந்த இடத்தில் ஒரு பொறி போதும். தேங்காய் எண்ணெய் தடவிப் பின்னல் போட்டு வளர்ந்த நம் வீட்டுப் பெண்களுக்கு அன்றைக்குத்தான் ஷாம்பூவின் அருமை தெரியும். இன்னொன்று: மூச்சுக்குழாயில் போட்ட டியூபின் நுனியில் ஒரு சின்ன பலூன் இருக்கும் அல்லவா? உள்ளே போகும்முன் அதிலிருந்து காற்றை எடுத்துவிட்டு உப்புநீர் நிரப்புவோம். அழுத்தம் ஏறினால் காற்று சுருங்கும், பலூன் தளரும். தண்ணீர் சுருங்காது.

இந்த வேலைக்கு வெளியிலும் மதிப்பு இருக்கிறது. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் உயரழுத்தச் சிகிச்சை உண்டு. ஆறாத சர்க்கரைக் கால்புண்ணுக்கும் அந்த அறையைப் பயன்படுத்துகிறார்கள். நம் ஆட்களுக்கு அது எவ்வளவு வேண்டியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சான்டியாகோ_அக்கா
வியாழன், காலை 8.05

கடலோடி அந்தப் பலூனைச் சொன்னதும் சிரித்துவிட்டேன். விமானத்திலும் அதே வேலைதான், காரணம் மட்டும் தலைகீழ். சொல்கிறேன்.

நான் சிராங்கூனில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி அமெரிக்கா போய், குடியுரிமை வாங்கி, அங்கே கடற்படைத் தாதியர் பிரிவில் இருந்தேன். குடியுரிமை இல்லாமல் அங்கே தாதி அதிகாரியாக முடியாது. டிப்ளோமாவும் போதாது, பிஎஸ்சி வேண்டும். இங்கிருந்து நேராக அங்கே போய்ச் சேரலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே, தங்கச்சி.

அங்கே தரைப்படைத் தாதியர் பிரிவு 1901-இல் தொடங்கியது, கடற்படையுடையது 1908-இல், ஆகாயப் படையுடையது 1949-இல். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். தரைப்படை பெரியது, கள மருத்துவமனை அவர்களுடைய கோட்டை. கடற்படையில் தாதி பாதி நேரம் ஆசிரியை. கோர்மேன் என்று மெடிக் பிள்ளைகள் இருப்பார்கள், பத்தொன்பது வயது, எல்லாம் தெரியும் என்ற முகம். மரைன் படைக்குச் சொந்தமாக மருத்துவப் பிரிவு கிடையாது. அவர்களோடு போவது கடற்படையின் கோர்மேன்தான். நான் வார்டில் ஒருவனுக்கு ஊசி போடக் கற்றுக் கொடுத்தால் ஆறு மாதம் கழித்து அவன் யாரும் இல்லாத இடத்தில் ஒரு மரைனுக்குப் போடுவான். அதை நினைத்தால் பாடம் எடுப்பதில் சோம்பல் வராது. இரண்டு மருத்துவமனைக் கப்பல்கள் உண்டு, மெர்சி, கம்ஃபர்ட். ஒவ்வொன்றிலும் 1,000 படுக்கை. 2004 சுனாமிக்கு மெர்சிதான் ஆச்சேக்கு வந்தது.

ஆகாயப் படைத் தோழி ஒருத்தி விமானத் தாதி. விமானத்துக்குள் அழுத்தம் சுமார் 8,000 அடி உயரத்தில் இருப்பது போல. தரையில் இருப்பதில் முக்கால் பங்கு. உடம்புக்குள் மாட்டிக்கொண்ட காற்று மூன்றில் ஒரு பங்கு விரியும். நெஞ்சில் கொஞ்சம் காற்று கசிந்திருந்த நோயாளி தரையில் சிரித்துப் பேசுவார், மேலே போனதும் மூச்சுத் திணறுவார். டியூப் பலூன் உப்பி மூச்சுக்குழாயை அழுத்தும், அதனால் அங்கேயும் உப்புநீர். சி-130 சரக்கு விமானச் சத்தத்தில் ஸ்டெதாஸ்கோப் வெறும் கழுத்தணி. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று கையை வைத்துத்தான் பார்ப்பாளாம்.

இப்போது அங்கேயும் நிலைமை மாறிவிட்டது. படை மருத்துவமனைகளை எல்லாம் ஒரே தற்காப்புச் சுகாதார அமைப்பின் நிர்வாகத்தில் கொண்டு வந்துவிட்டார்கள். மருத்துவமனைக்குள் எந்தப் படை என்பது சீருடை நிறத்தில் மட்டும். வித்தியாசம் வெளியே அனுப்பும்போதுதான் தெரியும்.

கோவை_லெப்டினன்ட்
வியாழன், காலை 11.30

எங்கள் ஊரில் இந்தத் தலைவலியே இல்லை. இந்தியாவில் ராணுவத் தாதியர் சேவை ஒன்றுதான், மூன்று படைக்கும் சேர்த்து. “எனக்குக் கடற்படை வேண்டும்” என்று கேட்க முடியாது. நான் குறுகியகால அதிகாரியாக இருந்தேன். முதலில் வெலிங்டன், நீலகிரிக் குளிரில் காலை ரவுண்டில் கை விறைத்து வெயின் கிடைக்காது. அடுத்த உத்தரவு மும்பை அஸ்வினி, கடற்படை மருத்துவமனை. தோளில் அதே தரைப்படை நட்சத்திரம், சுற்றிலும் மாலுமிகள். படிப்பும் அவர்களே தருவார்கள்: புனே, கொல்கத்தா, மும்பை, டில்லி, லக்னோ, பெங்களூரு ஆறு கல்லூரி, 220 இடம், நீட் மதிப்பெண் வேண்டும்.

இப்போது கணவர் வேலைக்காக இங்கே வந்து, நானும் ஒரு மருத்துவமனையில் இருக்கிறேன். இந்தத் தங்கச்சிக்கு ஒன்று சொல்கிறேன்: படையில் தாதிக்குக் கிடைத்த பெரிய வித்தியாசம் நட்சத்திரம். டாக்டர் மேஜர் என்றால் நீ லெப்டினன்ட், ஆனால் இருவரும் அதிகாரிகள். வார்டில் ஒரு ஜவான் உன்னை “மேடம்” என்று எழுந்து நின்று கூப்பிடுவான். எழுந்திருக்கக் கூடாத நோயாளிகூட. கால் எலும்பில் கம்பி போட்டவனைப் படு என்று கத்தியிருக்கிறேன். சேரும்முன் எந்தத் தரத்தில் சேர்ப்பார்கள் என்று கேள். அதிகாரியா, ராணுவ நிபுணரா, சீருடை இல்லாத பொதுப்பணியாளரா? இங்கே இது மூன்றும் வேறு வேறு வாழ்க்கை.

கையெழுத்து_போட்டவன்
வியாழன், பிற்பகல் 2.14

மேலே அக்கா சொன்னதை மூன்று முறை அடிக்கோடிடுகிறேன். நான் ஒரு பிரிவில் (எந்தப் பிரிவு என்று சொல்ல மாட்டேன்) மருத்துவப் பணி என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். வாயால் சொன்னது ஒன்று, தாளில் இருந்தது ஒன்று. முதல் வருடம் முழுக்க ஸ்டோர்ரூம். காலாவதியாகும் சலைன் பையை எண்ணி எண்ணி, கனவிலும் தேதி வரும். ஒரு நாள் 2,000 பேண்டேஜ் கணக்கில் 12 குறைந்தது. இரவு 9 மணி வரை எண்ணினோம். கடைசியில் அது அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது.

ஏமாற்றினார்கள் என்று சொல்லவில்லை. தாளைப் படிக்காதது என் தப்பு. வேலையின் பெயர், தரம், ஒப்பந்த வருடம், முதல் பணியிடம், மருத்துவமனையில் பயிற்சிக்கு அனுப்புவார்களா: ஐந்தையும் எழுத்தில் வாங்கு.

சும்மா_ஒருவன்
வியாழன், பிற்பகல் 2.20

ஸ்டோர்ரூமிலும் ஏர்கான் இருந்திருக்குமே.

கையெழுத்து_போட்டவன்
வியாழன், பிற்பகல் 2.21

இல்லை.

பாசிர்_ரிஸ்_உம்மா
வியாழன், மாலை 4.50

என் மகளும் தாதி. அவளும் ஒரு சமயம் இதே ஆசை சொன்னாள். 2021 நவம்பரிலிருந்து பொது மருத்துவமனைகளில் முஸ்லிம் தாதியர் தூடோங் (தலைமுக்காடு) அணியலாம் என்று அனுமதித்தார்கள். அன்று காலை அவள் கண்ணாடி முன் எவ்வளவு நேரம் நின்றாள் என்று எனக்குத்தான் தெரியும். ஆயுதப் படைச் சீருடையில் அந்த அனுமதி இல்லை. அவள் மருத்துவமனையிலேயே இருந்துவிட்டாள். இந்த இழையைப் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்காக எழுதினேன். அவளிடம் வருத்தமா என்று கேட்டேன், “வார்டில் வேலை தலைக்கு மேல் இருக்கும்மா, வருத்தப்பட நேரம் ஏது” என்றாள். அது பதிலா இல்லையா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

யீஷூன்_மிஸ்ஸி
வியாழன், இரவு 11.15

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். அம்மாவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஸ்டோர்ரூம் கதையில் மட்டும் அவர் முகம் மலர்ந்தது. “அப்படின்னா ஆபத்தில்லை” என்றார்.

சிஸ்டர் கேட்ட கேள்விக்குப் பதில்: கோட் புளூவில் முதல் ஆளாக நின்றது இரண்டு முறை. இரண்டாவது முறை கை நடுங்கவில்லை. ஐசியு இரவு: பூஜ்யம்.

பழைய_மெடிக்
வெள்ளி, காலை 6.40

உங்கள் அம்மாவிடம் இதையும் படித்துக் காட்டு. 1943 அக்டோபரில் இதே ஊரில், வாட்டர்லூ ஸ்திரீட்டில், நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையின் முகாம் திறந்தது. தலைமை ஏற்றவர் மெட்ராஸில் பிறந்து இங்கே கிளினிக் வைத்திருந்த டாக்டர் லட்சுமி. சேர்ந்தவர்களில் நிறையப் பேர் மலாயா ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். துப்பாக்கிப் பயிற்சியோடு தாதியர் பிரிவும் இருந்தது. அந்தப் பெண்களின் அம்மாக்களும் “பட்டாளம் எதுக்குடி” என்றுதான் கேட்டிருப்பார்கள்.

அப்புறம் ஒரு நடைமுறை யோசனை. தொண்டூழியர் படை என்று ஒன்று 2014 முதல் இருக்கிறது, மாஜு முகாமில். என்எஸ் கடமை இல்லாத பெண்கள், முதல் தலைமுறை நிரந்தரவாசிகள், புதிய குடிமக்கள் சேரலாம். இரண்டு வாரம் தங்கிப் பயிற்சி, பிறகு வருடத்தில் சில நாள் பணி. மருத்துவப் பயிற்சியாளர் மாதிரி நிபுணத்துவப் பணிகளும் உண்டு. வேலையை விடாமல் சீருடை உனக்கு ஒத்து வருகிறதா என்று பார்த்துவிடலாம். மேலதிகாரி கத்தும்போது உன் முகம் எப்படிப் போகிறது என்பதும் தெரிந்துவிடும்.

வார்ட்_சிஸ்டர்
வெள்ளி, காலை 10.05

அவர் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லாத முதல் பதிவு இது.

பெண்ணே, உன் நர்ஸ் மேனேஜரிடம் போய் ஐசியுவுக்கோ அவசரப் பிரிவுக்கோ மாற்றல் கேள். பாண்ட் அப்படியே ஓடும், அதே மருத்துவமனைதானே. “படைக்குப் போக” என்று காரணம் சொல்லாதே, “தீவிர சிகிச்சை கற்க” என்று சொல். பொய்யும் இல்லை. பாண்ட் முடியும்போது உன் கையில் ஒரு வருட ஐசியு இருக்கும். டிப்ளோமாவைப் பட்டமாக்கும் பகுதிநேரப் படிப்பையும் அப்போதே விசாரித்து வை. அதற்குப் பிறகு எந்தப் படை என்று நீ தேட வேண்டாம், எந்த வேலை காலி என்று பார்த்தால் போதும்.

என்எஸ்_வெய்ட்டிங்
வெள்ளி, பிற்பகல் 12.30

நான் ஐடிஇயில் (தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில்) தாதிமை படிக்கிறேன், அடுத்த வருடம் என்எஸ். தாதிமை படித்தால் மெடிக் நிச்சயமா?

பழைய_மெடிக்
வெள்ளி, பிற்பகல் 12.48

நிச்சயம் இல்லை தம்பி. விருப்பத்தைச் சொல், படிப்பைக் குறிப்பிடு. மிச்சம் உடற்தகுதிப் பிரிவும் படையின் தேவையும். டிரைவராகப் போட்டாலும் அழாதே. ஆம்புலன்ஸுக்கும் டிரைவர் வேண்டும்.

கடலோடி
வெள்ளி, இரவு 8.15

நானும் சிஸ்டர் கட்சிக்கு மாறுகிறேன். உயரழுத்த அறைக்குள் என்னோடு உட்கார்ந்த தாதிகளில் நல்லவர்கள் எல்லாரும் ஐசியுவிலிருந்து வந்தவர்கள். நோயாளி முகத்தைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கண் எனக்குக் கடைசி வரை வரவில்லை. ஆனாலும் தங்கச்சி, மூன்று வருடம் கழித்துத் தேர்வு செய்யும்போது செம்பவாங் பக்கம் ஒருமுறை பார்.

யீஷூன்_மிஸ்ஸி
அடுத்த புதன், இரவு 9.55

ஒரு வாரம் கழித்து வருகிறேன். நர்ஸ் மேனேஜரிடம் கேட்டேன். ஐசியு இப்போது இல்லை, அவசரப் பிரிவில் ஜனவரியில் இடம் வரலாம், பெயர் எழுதிக்கொள்கிறேன் என்றார். “ஏன் திடீரென்று?” என்று கேட்டார். சிஸ்டர் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். ஒரு மாதிரி பார்த்தார். நம்பினாரா தெரியவில்லை.

தொண்டூழியர் படைக்கான விண்ணப்பத்தையும் திறந்து வைத்திருக்கிறேன். 2.4 கிலோமீட்டர் ஓட முடிகிறதா என்று நேற்று யீஷூன் அரங்கில் ஓடிப் பார்த்தேன். ஆறு சுற்று. 17 நிமிடம் 12 விநாடி. நான்காவது சுற்றில் வார்டு நோயாளிகளுக்கு நான் சொல்லும் “மெல்ல மூச்சு விடுங்க” எனக்கே எரிச்சலாகக் கேட்டது.

பழைய_மெடிக்
அடுத்த புதன், இரவு 10.10

17.12 ஒன்றும் கேவலம் இல்லை, ஆனால் நல்லதும் இல்லை. ஞாயிறு காலை 6.30-க்கு அதே அரங்கில் நானும் என் மகளும் ஓடுகிறோம். என் வயதுக்கு ஓட்டம் என்று சொல்வது மரியாதைக்காக. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, அவர் படியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

யீஷூன்_மிஸ்ஸி
அடுத்த புதன், இரவு 10.14

சனி நைட் ஷிஃப்ட், 7.30-க்குத்தான் விடுவார்கள். அதற்கடுத்த ஞாயிறு வரட்டுமா அண்ணே? என்ன கொண்டு வர வேண்டும்?

பழைய_மெடிக்
அடுத்த புதன், இரவு 10.16

வா. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். குடித்து முடித்துத் தலைக்கு மேல் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் ஓட வேண்டும்.